கடைசிப் பிள்ளை பிறந்த வயதைக் கொண்டு குடும்பத்தின் ஆயுளை அறியும் முறை

நாற்பது வயதைத் தாண்டிப் பிள்ளை பெற்ற பாட்டிமார் நெடுங்காலம் வாழ்ந்தார்கள் என்பது வெறும் ஊர்ப்பேச்சு அன்று. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் நூறு வயது கண்டவர்களை ஆராய்ந்துவரும் தாமஸ் பெர்ல்ஸ் குழுவினர், 1896இல் பிறந்து நூறை எட்டிய பெண்களை, அதே ஆண்டில் பிறந்து 73 வயதில் இறந்த பெண்களோடு ஒப்பிட்டனர். நாற்பதுகளில் பிள்ளை பெற்றிருக்கும் வாய்ப்பு முன்னவர்களுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்ததாக 1997இல் அறிவித்தனர்.

இதை உங்கள் குடும்பத்தில் தேட விரும்பினால், முதற்பிள்ளையின் பிறப்பை விட்டுவிட்டு, இயற்கையாகக் கருத்தரித்த கடைசிப் பிள்ளை பிறந்தபோது தாயின் வயது என்ன என்று கேட்டு எழுதுங்கள். இறந்துபோன குழந்தைகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும், ஏனெனில் பெரியவர்கள் அவர்களைக் கணக்கில் சொல்லாமலே விட்டுவிடுவதுண்டு. குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்களின் கடைசிப் பிரசவ வயது அவர்களின் முடிவைக் காட்டுமே தவிர உடலின் எல்லையைக் காட்டாது. ஆகவே தமிழ்நாட்டுக் குடும்பங்களில் அந்த அறுவை பரவலாவதற்கு முந்தைய தலைமுறையே இதற்குப் பயன்படும். ஐம்பது வயதுக்கு முன் இறந்தவர்களையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம். நாற்பத்தைந்தில் பிள்ளை பெற நாற்பத்தைந்து வரை உயிரோடு இருந்தாக வேண்டும் என்பதால், அவர்களைச் சேர்த்தால் கணக்கு தானாகவே ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

அடுத்து அந்தப் பெண்ணின் சகோதரர்களைப் பாருங்கள். என் கணிப்பில் மிகக் கூர்மையான சோதனை இதுதான். அமெரிக்காவின் யூட்டா, கனடாவின் கியூபெக் ஆகிய இடங்களின் பழைய குடும்பப் பதிவுகளை ஆராய்ந்தபோது, தாமதமாகப் பிள்ளை பெற்ற பெண்களின் சகோதரர்களும் நீண்ட காலம் வாழ்ந்திருந்தனர். அதே வீட்டில் வாழ்ந்த சகோதரர்களின் மனைவியருக்கோ அந்தப் பலன் தெரியவில்லை. பிரசவிக்க முடியாத ஆண்களிடமும் அது தெரிவதால், ஆயுளை நீட்டுவது பிரசவம் அன்று, உடன்பிறந்தோர் பகிரும் மரபணு என்று கொள்வதே பொருத்தம். மாதவிடாய் நிற்கும் வயதோடு தொடர்புள்ள மரபணுக்களில் பல, சேதமடைந்த டிஎன்ஏவைச் சீர்செய்யும் பணியில் ஈடுபடுபவை என்பதும் இதற்கு ஒத்துப்போகிறது.

உங்கள் பாட்டி இளவயதிலேயே பிள்ளைப்பேற்றை முடித்திருந்தால் கவலைப்படத் தேவையில்லை: 122 வயது வாழ்ந்த பிரான்சின் ழான் கல்மான் தம் ஒரே மகளை 22 வயதில் பெற்றவர். ஆயுளை நாடி மகப்பேற்றைத் தள்ளிப்போடுவதோ பொருளற்றது. நாற்பதில் டவுன் (Down) எனும் பிறவி மரபணுக் குறைபாட்டோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்று, கருச்சிதைவும் கூடுதல். இந்தத் தேடலில் கிடைக்கும் தகவல்களில் மருத்துவரிடம் சொல்லத்தக்கது, தாய்க்கும் பெரியம்மா, சித்திகளுக்கும் மாதவிடாய் நின்ற வயது. அது நாற்பத்தைந்துக்கு முன்பே நின்றிருந்தால், மகள் பிள்ளை பெறும் திட்டத்தை வகுக்கும்போதே அதைத் தெரிவித்துவிட வேண்டும்.