எடை குறைந்த பிறகும் ஓயாத உள்குரலுக்குப் பதில் சொல்வது எப்படி?

96 கிலோவிலிருந்து 68-க்கு வந்த பிறகும் எனக்குள் கேட்ட ஏச்சு நிற்கவில்லை. காரைக்குடிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் வளர்ந்த பெண்களுக்கு இது புரியும். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்து காய் நறுக்கும்போது பெரியவர்கள் சொன்னதெல்லாம் நாளடைவில் நம் குரலிலேயே பேசத் தொடங்கிவிடுகிறது. "இந்த உடம்புக்குப் பட்டுப்புடவை வேறா?" என்று அன்று கேட்டது யாரோ, இன்று கேட்பது நான். இளைத்துவிட்டால் அது தானாக அடங்கும் என்று காத்திருக்காதீர்கள். ஆதாரத்தோடு பதில் சொல்லிப் பழகுங்கள்.

தையற்கடையில் தொடங்கலாம். நம்மில் பலர் அளவு ரவிக்கையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். எடை குறைந்தவர்கள் அப்படிச் செய்யவே கூடாது. டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். தையற்கார அம்மா மார்பு, இடுப்பு, கைச்சுற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நோட்டில் குறிக்கும்போது நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பழைய ரவிக்கையின் கைச்சுற்று 15 அங்குலம், இப்போது 12 என்றால் அந்த மூன்று அங்குலத்தோடு வாதாட எந்தக் குரலாலும் முடியாது. அளவுச் சீட்டை வாங்கி வந்து பீரோக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். "நீ இன்னும் அதே குண்டுதான்" என்று மனம் முணுமுணுத்தால் கண்ணாடியிடம் போகாமல் அந்தச் சீட்டிடம் போங்கள்.

மூளையில் பதிந்திருக்கும் நம் உருவம், உடம்பு மாறுகிற வேகத்தில் மாறுவதில்லை. அதனால்தான் பந்தி வரிசைகளுக்கு நடுவே நடக்கும்போது நான் இன்றும் ஒருக்களித்துத் திரும்புகிறேன். அதை உணர்ந்த கணமே நேராகத் திரும்பி, அதே வழியாக நடந்து போகிறேன். இலையும் கவிழாது, யார் மேலும் இடிக்காது. இந்தச் சின்னப் பயிற்சியை நான் பெரிதும் நம்புகிறேன்.

தளர்ந்து தொங்கும் தோலைப் பற்றித்தான் மனம் மிகக் கொடுமையாகப் பேசும். "இவ்வளவு பாடுபட்டும் இதுதானா?" என்று கேட்கும். பல ஆண்டுகள் விரிந்திருந்த தோல் முழுதாகச் சுருங்காமல் போவது அதன் இழைகள் தளர்ந்ததால். உங்கள் முயற்சியில் குறை இருந்ததால் அல்ல. மடிப்புகளை ஈரமில்லாமல் துடைத்து வையுங்கள். வேகமாக இளைத்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதங்களில் முடி கொட்டுவதும் உண்டு. பெரும்பாலும் திரும்ப வளரும். புரதமும் இரும்புச்சத்தும் போதுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனம் திட்டும்போது "நான்" என்று பதில் பேசாமல், வீட்டில் உங்களைக் கூப்பிடும் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். தன்னைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுகிறவர்கள் மன அழுத்தத்தைக் கூடுதல் நிதானத்தோடு கையாள்வதாக உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவினரின் 2014 ஆய்வு சொல்கிறது. தங்கை மகளிடம் சொல்லத் துணியாத சொல்லை உங்களிடமும் சொல்லாதீர்கள்.

விருந்துக்கு மறுநாள் எடைக் கருவி ஒரு கிலோ கூட்டிக் காட்டினால், "எல்லாம் போச்சு" என்று கூப்பாடு எழும். ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி வேண்டும். இரண்டு வெள்ளைப் பணியாரத்தால் அது நடக்காது; ஏறியதில் பெரும்பகுதி உப்பால் தங்கிய நீர். தண்டனையாக அடுத்த வேளையைப் பட்டினி போடாதீர்கள். பட்டினியோ, சாப்பிட்டதை வாந்தி எடுப்பதோ, உயிர் மேல் வெறுப்போ தலைகாட்டினால் தனியே போராட வேண்டாம்; மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள்.

இனி, வெளியே கேட்கும் குரல்கள். "ஏன்டி இப்படி வற்றிப்போய்விட்டாய், சர்க்கரையா?" என்று கேட்பார்கள். காரணமில்லாமல் இளைப்பது சர்க்கரை நோயின் அறிகுறி என்பதால் அந்தக் கேள்வியில் அக்கறையும் உண்டு. "இல்லை அத்தை, மருத்துவர் சொல்லிக் குறைத்தேன்" என்றால் போதும். ஆனால் பழைய கல்யாண ஆல்பத்தைக் காட்டி, "எப்படிப் பூசணிக்காய் மாதிரி இருந்தாய் பார்" என்று சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். பிள்ளை பெற்றதும், விடிய விடியக் கல்யாண வேலை பார்த்ததும் அந்த உடம்புதான். "அப்போதும் நன்றாகத்தான் இருந்தேன், அத்தை" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்லுங்கள்.