நாய்க்குட்டி கண்டதை விழுங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

நான்காம் மாத வாக்கில் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கத் தொடங்கும்போது ஈறு குறுகுறுப்பதால், குட்டி எட்டியதையெல்லாம் கடிக்கும். அதை அடிப்பதால் பயனில்லை.

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகர வீடுகளில், டிசம்பர் மாம்பழக் காலத்தில், சப்பிப் போட்ட மாங்கொட்டைக்கும் மணி தின்றபின் எறியும் சோளத் தக்கைக்கும்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். மாங்கொட்டை வழுவழுவென்று தொண்டைக்குள் நழுவிவிடும், இரண்டுமே செரிக்காமல் குடலை அடைத்து உயிருக்கே உலை வைக்கும். ஆகவே குப்பைக்கூடைக்கு இறுக்கமான மூடி போடுங்கள்.

எதையாவது கவ்விக்கொண்டால் துரத்தாதீர்கள். பறிகொடுக்க மனமின்றி அவசரமாக விழுங்கிவிடக்கூடும். எலும்பில்லாத வெந்த கோழித்துண்டை மூக்கருகே நீட்டி, அது வாயைத் திறக்கும் கணத்தில் ‘விடு’ என்று சொல்லிப் பழக்குங்கள்.

பொத்தான் பேட்டரி சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும் என்பதால், அதை விழுங்கியிருந்தால், வாந்தியெடுக்க வைக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

கடிப்பதற்கு, முறுக்கிய ஈரத்துணியை உறையவைத்துக் கொடுத்து, அது கடித்து முடிக்கும்வரை அருகிலேயே இருங்கள்.