பாலைவனத்துல சின்ன வீடு கட்டுறீங்களா, மேற்குப் பக்கம் கண்ணாடி மட்டும் வேண்டாம்

அமெரிக்கால, அரிசோனாவுல டூசான் பக்கம் பிரெண்டு ஒருத்தர் 900 சதுர அடில வீடு கட்டினார், ஹால்ல மேற்குச் சுவர் முழுக்க கண்ணாடி, மலைக்குப் பின்னாடி சூரியன் இறங்குறத சோபால சாஞ்சுக்கிட்டே பாக்கணுமாம். ஜூன் மாசம் சாயங்காலம் 5 மணிக்குப் போனா, தடிமனா ஸ்க்ரீன் இறக்கிவிட்டு ட்யூப்லைட் போட்டு உக்காந்திருக்காங்க!

தெற்கு ஜன்னல்னா சமாளிச்சிடலாம். டூசான்ல ஜூன் மாசம் உச்சி வேளைல சூரியன் கிட்டத்தட்ட 81 டிகிரி உசரத்துல தலைக்கு மேலயே நிக்கும், டிசம்பர்ல வெறும் 34 டிகிரி, அதனால 3 அடி சன்ஷேட் நீட்டினாலே கோடை வெயில் வெளிய நின்னுடும், குளிர்கால வெயில் தானா உள்ள வந்துடும். மேற்கு வெயில் அப்படி இல்ல, சாஞ்சு நேரா மூஞ்சில அடிக்கும், எவ்ளோ சன்ஷேட் போட்டாலும் வேலைக்காகாது. அந்தப் பக்கம் பாத்ரூம், ஸ்டோர்ரூம் வந்துடட்டும். வியூ வேணும்னா குறுகலா ஒரே ஒரு ஜன்னல், வெளிய ஒரு மெஸ்கீட் மரம் (நம்ம ஊரு சீமைக்கருவேலம் வகை), அவ்ளோதான்.

அடுத்த தப்பு, ஜேசிபி விட்டு மனை மொத்தத்தையும் வழிச்சு எடுத்துட்டு அப்புறமா நர்சரில செடி வாங்கி வைக்கிறது. சவாரோன்னு அங்க மரம் மாதிரி உசரமா வளர்ற கள்ளி, மொத கிளை விடவே 50 வருஷத்துக்கு மேல ஆகும்ங்க. நம்ம நிலத்துல இருக்குதுன்னாலும் அரசாங்கத்துக்குச் சொல்லாம புடுங்க முடியாது, சட்டம் இருக்கு. அத விட்டுவெச்சா மட்டும் போதாது, அதோட வேர் ஆழமா போகாம மேலாக்கவே, மரம் எவ்ளோ உசரமோ அவ்ளோ தூரம் படரும், பக்கத்துல பள்ளம் தோண்டினா உடனே ஒண்ணும் தெரியாது, சில வருஷம் கழிச்சு சாயும்.

வாஷ்னு சொல்ற காஞ்ச ஓடைய வெறும் மணல் தானேன்னு நெனச்சு அது ஓரத்துலயே வீட்ட ஒட்டி வைக்காதீங்க. ஜூலை, ஆகஸ்ட் மழைக்கு எங்கயோ மலைல பெஞ்சா போதும், இங்க காட்டாறு மாதிரி வரும். மண்ணுக்கடில கலீச்சின்னு சுண்ணாம்புப் படிவம் ஒண்ணு இருக்கும், சிமெண்ட் மாதிரி கெட்டி, தண்ணி இறங்காது, அஸ்திவாரம் போடுறதுக்கு முன்னாடி குழி தோண்டிப் பாத்துடுங்க.

மண் சுவர் கட்டினா குளுகுளுன்னு இருக்கும்னு ஒரு நம்பிக்கை வேற. ராத்திரி குளுந்தா தான் அந்தக் கணக்கு சரிவரும். அதே அரிசோனாவுல பீனிக்ஸ் நகரத்துல 2023 ஜூன் 30லேருந்து தொடர்ந்து 31 நாள் வெயில் 43 டிகிரிக்கு மேல, பல ராத்திரி 32க்குக் கீழ எறங்கவே இல்ல, சுவர் எப்போ ஆறும்? வெளிப்பக்கம் இன்சுலேஷன் கட்டாயம் வேணும்.

சின்ன வீட்டுக்கு உண்மையா வேண்டியது வெளிய ஒரு நிழல். அங்க உள்ள தொஹோனோ ஓதாம் மக்கள் மெஸ்கீட் கம்பு நட்டு மேல கள்ளிக் குச்சி பரப்பி ராமாடான்னு ஒண்ணு போடுவாங்க, நம்ம ஊரு பந்தலே தான். பிரெண்டும் கடைசில கிழக்குப் பக்கம் ஒண்ணு போட்டுட்டார், சாயங்காலம் வீட்டோட நிழலும் அங்கயே விழுது. இப்ப காபி, பேப்பர், அரட்டை எல்லாமே அங்க தான், மேற்குக் கண்ணாடில ஸ்க்ரீன் இன்னும் ஏறல.