பருவத்துக்கு ஏற்ப வாழ்தல்: ஆயுர்வேதமும் சீன மருத்துவமும் காட்டும் வழியைப் பின்பற்றுவது எப்படி?

ஆயுர்வேதம் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுக்கிறது. சீன மரபு மருத்துவம் நான்காகப் பகுத்து, கோடையின் கடைசிப் பகுதியை மட்டும் மண்ணீரலுக்கும் ஈரத்துக்கும் உரிய ஐந்தாம் பருவமாகத் தனியே எண்ணுகிறது. வெளியே வெப்பமும் ஈரமும் காற்றும் மாறும்போது உடலின் செரிக்கும் ஆற்றலும் மாறுகிறது, ஆகவே உணவும் உறக்கமும் உழைப்பும் அதனோடு சேர்ந்து மாற வேண்டும் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. ஆயுர்வேத மூலநூல்களில், சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் என்ற முதற்பகுதியில் ஆறாம் அத்தியாயமும், அஷ்டாங்க ஹிருதயத்தின் சூத்திரஸ்தானத்தில் மூன்றாம் அத்தியாயமும் இதைப் பற்றியே பேசுகின்றன. சீனத்தில் மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் ஹுவாங்டி நெய்ஜிங் என்ற தொன்மையான நூலில், சூ வென் பகுதியின் இரண்டாம் அத்தியாயம் நான்கு பருவங்களிலும் எப்போது உறங்கி எப்போது எழ வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறது. உடல்நலத்தோடு இருக்கும் பெரியவர் ஒருவர் இவற்றில் எதை வீட்டிலேயே கடைப்பிடிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. நோய் வந்தபின் செய்யும் சிகிச்சை இதில் இடம்பெறவில்லை.

நாள்காட்டியைவிட வானிலை முக்கியம்

முதல் வேலை, நீங்கள் இருக்கும் இடத்தில் இப்போது என்ன பருவம் என்று தெரிந்துகொள்வது. இது தோன்றுவதுபோல் எளிதன்று. ஆயுர்வேத நூல்களின் கணக்குப்படி மழைக்காலமான வர்ஷ ருது ஏறத்தாழ ஆடிப் பிற்பகுதி முதல் புரட்டாசி முற்பகுதி வரை வருகிறது. வட இந்தியாவுக்கு அது பொருந்தும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் பெருமழை பெய்வது ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். அந்த நாள்களில் நூல்களின் கணக்கு மழைக்குப் பிந்தைய சரத் ருதுவையும் அதை அடுத்த முன்பனிக் காலத்தையும் காட்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் வாரத்தில் சரத் ருதுவுக்குரிய குளிர்ச்சியான உணவை உண்பது நூலின் எழுத்துக்கு உண்மையாக இருந்து அதன் கருத்தைக் கைவிடுவதாகும். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கும் கர்க்கடக மாதத்தில், அதாவது ஜூலை நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, மழைக்கால முறைகளைக் கடைப்பிடிக்கிறார்கள். அவர்கள் மழையைப் பார்த்தே நாளைக் குறித்திருக்கிறார்கள்.

சீனத்திலும் இதே சிக்கல் உண்டு. ஆண்டை ஏறத்தாழ பதினைந்து நாள் கொண்ட 24 பகுதிகளாகப் பிரிக்கும் அவர்களது சூரிய நாள்காட்டி மஞ்சள் ஆற்றுச் சமவெளியின் தட்பவெப்பத்தை ஒட்டி உருவானது. 2016-இல் யுனெஸ்கோ அதை மானுடப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. அதன்படி வசந்தம் பிப்ரவரி 4 அளவில் தொடங்குகிறது. தெற்கே வெக்கையும் ஈரமும் நிறைந்த குவாங்டோங் மாகாணத்து மக்களோ ஆண்டின் பெரும்பகுதியிலும் கசப்பு மூலிகைகள் கொதித்த ‘குளிர்ச்சித் தேநீர்’ அருந்துகிறார்கள். எனவே மாதப் பெயரை ஒதுக்கிவிட்டு, வறண்ட வெயிலா, ஈரமா, குளிரா என்று மட்டும் கேளுங்கள். பசி எப்படி இருக்கிறது, மலம் எப்படிக் கழிகிறது, காலையில் சளி உண்டா என்பதையும் சேர்த்துக் கவனித்தால் விடை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மாற்றத்தை இரண்டு வாரங்களில் பரப்புங்கள்

ஒரு பருவத்தின் கடைசி ஏழு நாள்களையும் அடுத்த பருவத்தின் முதல் ஏழு நாள்களையும் அஷ்டாங்க ஹிருதயம் ருதுசந்தி என்கிறது. அந்தப் பதினான்கு நாள்களில் பழைய பழக்கத்தைச் சிறிது சிறிதாக விட்டு, புதியதைச் சிறிது சிறிதாகப் பிடிக்க வேண்டும்; திடீரென்று மாற்றினால் அதுவே நோய்க்கு வழியாகும் என்பது அதன் எச்சரிக்கை. பழக்கத்தைக் கால் பங்கு கால் பங்காக விடும் முறையைச் சரகரும் சொல்கிறார். கோடை முழுவதும் தினமும் இரண்டு டம்ளர் நீர்மோர் குடித்தவர் முதல் மழை பெய்த அன்றே அதை நிறுத்தத் தேவையில்லை. அளவை அரை அரை டம்ளராகக் குறைத்துக்கொண்டே வந்து, அந்த இடத்தில் சீரகம் போட்டுக் கொதித்த வெந்நீரைக் கொண்டுவரலாம். சீனர்களின் பழமொழி ஒன்றும் இதையே உடைக்குப் பொருத்துகிறது: வசந்தத்தில் போர்த்திக்கொள், இலையுதிர்காலத்தில் கொஞ்சம் குளிரைத் தாங்கு. முதல் வெயிலைக் கண்டதும் கம்பளியைக் கழற்றாதே, முதல் குளிர்காற்றில் எல்லாவற்றையும் அணிந்துகொள்ளாதே என்பது அதன் பொருள்.

இந்த முன்யோசனைக்கு ஆயுர்வேதத்தில் ஒரு காரணம் உண்டு. வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றையும் அது தோஷம் என்கிறது; தோஷம் ஒரு பருவத்தில் சேர்ந்து அடுத்த பருவத்தில் சீறுகிறது என்பது அதன் கணக்கு. வாதம் கோடை வறட்சியில் சேர்ந்து மழையில் வெளிப்படும். பித்தம் மழையில் சேர்ந்து, மழைக்குப் பிந்தைய வெயிலில் வெளிப்படும். கபம் பனிக்காலத்தில் உறைந்து வசந்த வெயிலில் உருகும். இக்கணக்கை நவீன உடலியலின் மொழியில் மெய்ப்பிக்க முயல்வது வீண்வேலை என்றே நான் கருதுகிறேன். தொல்லை தொடங்கும் முன்பே உணவை மாற்ற நினைவூட்டும் ஒழுங்கு என்ற அளவில் அது பயனுள்ளது.

கோடை

வெயில் உடலின் வலிமையை உறிஞ்சும் காலம் என்று ஆயுர்வேதம் இதைச் சொல்கிறது. உடற்பயிற்சியையும், உப்பு, புளிப்பு, காரம் ஆகியவற்றையும் குறைத்து, இனிப்பும் குளிர்ச்சியும் நீர்த்தன்மையும் உள்ளவற்றைக் கூட்டச் சொல்கிறது. பகல் தூக்கம் பொதுவாக எல்லோருக்கும் அனுமதிக்கப்படும் ஒரே பருவம் இதுதான். சீன நூலோ, இரவு தாமதமாக உறங்கி அதிகாலையில் எழு, வெயிலை வெறுக்காதே, கோபம் கொள்ளாதே, வியர்வை இயல்பாக வெளியேறட்டும் என்கிறது. மே மாத வேலூரில் நண்பகல் வெயிலை வெறுக்காமல் இருக்க யாராலும் முடியாது. ஆகவே வெயிலைப் பற்றிய சீன அறிவுரையைக் காலை ஏழரை மணிக்குள் நடந்து முடிப்பதாகச் சுருக்கிக்கொண்டு, நண்பகலுக்கு ஆயுர்வேதத்தைப் பின்பற்றுவதே நமக்குச் சரி.

சீன வீடுகளில் கோடைக்குச் செய்யும் பச்சைப்பயறு நீர் நம் சமையலறையிலும் எளிதாகச் செய்யக்கூடியது. ஒரு பங்கு முழுப் பச்சைப்பயறைக் கழுவி, எட்டுப் பங்கு நீரில் போட்டுக் கொதி வந்தபின் பத்து நிமிடம் வேகவிட்டு, தோல் வெடிக்கும் முன் அந்த இளம்பச்சை நீரை வடித்து, ஆறியதும் குடிக்க வேண்டும். மீந்த பயறை மேலும் வேகவைத்துச் சிறிது வெல்லம் சேர்த்துக் கஞ்சியாக உண்ணலாம். பனிக்கட்டி போட்ட பானத்தைச் சீன மருத்துவம் விரும்புவதில்லை. கோடையில் உடலின் வெப்பம் தோலை நோக்கி வருவதால் வயிறு உள்ளூரக் குளிர்ந்திருக்கிறது என்பதும், அதனால் சிறிது இஞ்சி தேவை என்பதும் அதன் கொள்கை. கோடையில் இஞ்சி, குளிரில் முள்ளங்கி என்று பழமொழியே உண்டு. நீர்மோரில் இஞ்சி தட்டிப் போடும் நம் வழக்கத்துக்கு இதைவிட நல்ல ஆதரவு தேவையில்லை. வியர்வை நின்று, உடல் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு. உடனே உடலைக் குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மழை

ஆண்டிலேயே செரிமானம் மிகவும் தளர்ந்திருக்கும் பருவம் இது என்பதில் இரு மரபுகளும் ஒத்துப்போகின்றன. பழைய அரிசி, பயறு ரசம், சுக்கு, சிறிது புளிப்பும் உப்பும் நெய்யும், கொதித்து ஆறிய நீர் ஆகியவற்றை ஆயுர்வேதம் பரிந்துரைக்கிறது. பகல் தூக்கம், ஆற்றுநீர், கடும் உழைப்பு ஆகியவற்றை விலக்குகிறது. கேரளத்தின் கர்க்கடகக் கஞ்சி இந்த அறிவுரைகளின் சமைத்த வடிவம்: ஞவரை அரிசியும் வெந்தயமும் சில மூலிகைகளும் சேர்த்துக் குழைய வேகவைத்து, சூடாக உண்பது. சீன மருத்துவம் செரிமானத்தை மண்ணீரலின் வேலையாகக் கருதுகிறது; ஈரத்தை அதன் பகை என்கிறது. பச்சைக் காய்கறி, குளிர்ந்த பானம், மிகுந்த இனிப்பு ஆகியவற்றைக் குறைத்து, உலர்ந்த ஆரஞ்சுத் தோல் கொதித்த நீரைப் பருகச் சொல்வது அதனால்தான்.

தயிரைப் பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் தயிர் கூடாது என்று பல வீடுகளில் தடை உண்டு. சரகர் பொதுவாகத் தயிரை விலக்கும் பருவங்கள் சரத், கோடை, வசந்தம் ஆகிய மூன்றே. மழைக்காலம் அந்தப் பட்டியலில் இல்லை. இரவில் தயிர் உண்ணக் கூடாது என்பதே அவர் எல்லாப் பருவத்துக்கும் சொல்லும் விதி. தயிர்சாதம் இல்லாமல் மதிய உணவு முடியாதவர்கள் இதைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம்.

மழைக்குப் பின்

மழை விட்டபின் சுள்ளென்று அடிக்கும் வெயிலில் பித்தம் சீறும் என்பதால், கசப்பும் துவர்ப்பும் கலந்த எளிய உணவு போதும். சீன மருத்துவத்துக்கு இது நுரையீரலின் பருவம், வறட்சியின் பருவம். பேரிக்காயைக் கற்கண்டோடு ஆவியில் வேகவைத்து உண்பார்கள். தமிழ்நாட்டுக்கு அவ்வளவாகப் பொருந்தாத இந்த அறிவுரை, வெப்பமூட்டி ஓடும் அறைகளில் தொண்டை உலர்ந்து கிடக்கும் டொராண்டோ, லண்டன் தமிழர்களுக்கு நன்றாகவே பொருந்தும்.

குளிரும் வசந்தமும்

குளிர்காலத்தில் பசித்தீ வலுத்திருக்கும். கனமான உணவையும் அது செரிக்கும். பால்பொருள்கள், கரும்பிலிருந்து செய்தவை, கொழுப்பு, எண்ணெய், புத்தரிசிச் சோறு, வெந்நீர் ஆகியவற்றைச் சரகர் அப்போது பழகச் சொல்கிறார். தைப்பொங்கல் பானையில் இருப்பவற்றோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வாரம் இரண்டு முறையாவது வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தேய்த்து, வெந்நீரில் குளிப்பது நல்லது. சீனத்தில் தாங் குவெய் வேரும் இஞ்சியும் ஆட்டிறைச்சியும் சேர்ந்த சூப், கீழை ஹான் காலத்து மருத்துவர் சாங் சோங்சிங் எழுதிவைத்த முறைப்படி இன்றும் குளிரில் செய்யப்படுகிறது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. நன்றாக உடற்பயிற்சி செய்யச் சொல்கிறது ஆயுர்வேதம். சீக்கிரம் உறங்கி, சூரியன் வந்தபின் எழுந்து, வியர்வை சிந்தாமல் ஆற்றலைச் சேமிக்கச் சொல்கிறது சீன நூல். உறைபனி விழும் ஊரில் பிறந்த அறிவுரை அது. சென்னையின் மார்கழிக்கு முதலாவதே ஏற்றது. வசந்தத்திலும் ஒரு முரண் உண்டு. உருகும் கபத்துக்காக இனிப்பையும் கனமானதையும் குறைத்து, பழைய பார்லி, தேன், கசப்பு ஆகியவற்றைக் கூட்டச் சொல்கிறது ஆயுர்வேதம். சித்திரைப் பிறப்பன்று உண்ணும் வேப்பம்பூப் பச்சடியும் அதற்கு இசைவானது. தாங் காலத்து மருத்துவர் சுன் சிமியாவோ புளிப்பைக் குறைத்து இனிப்பைக் கூட்டச் சொல்கிறார். அவர் சொல்லும் இனிப்பில் தானியமும் கிழங்கும் அடங்கும், சர்க்கரைப் பண்டம் அவர் நோக்கமன்று. இத்தகைய இடங்களில் இரண்டையும் பாதி பாதி கலக்காமல், ஒரு பருவம் முழுவதும் ஒரு முறையையே பின்பற்றிப் பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் எது பலன் தந்தது என்று தெரியாது.

மூலிகைகளில் கவனம்

இதுவரை சொன்னவை சமையலறைப் பொருள்கள். மருந்துக் கடையில் வாங்கும் சூரணமும் மாத்திரையும் வேறு வகை. இரு மரபுகளிலும் பயன்படும் அதிமதுரத்தை நாள்தோறும் அதிகமாகச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் உயர்ந்து, பொட்டாசியம் குறையும். தாங் குவெய், ஜின்செங் ஆகியவை வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளோடு மோதக்கூடும். சீந்தில் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை மறுத்தது. கல்லீரல் நோய் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை. மா ஹுவாங் எனும் சீன மூலிகையிலுள்ள எஃபெட்ரின் வகைச் சேர்மங்களை ஊட்டச்சத்து மாத்திரைகளில் சேர்ப்பதை அமெரிக்கா 2004-இல் தடைசெய்தது. உலோகம் சேர்ந்த ரச மருந்துகளை இணையத்தில் பார்த்து வாங்கக் கூடாது; ஈய நஞ்சு ஏறிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. வசந்தத்தில் வாந்தி, மழையில் எனிமா, சரத்தில் பேதி என்று நூல்கள் வகுக்கும் சுத்திகரிப்புகளைப் பட்டம் பெற்ற மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் செய்யக் கூடாது.

கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை உண்பவர்களும் எந்தச் சூரணத்தையும் தொடங்கும் முன் தம் மருத்துவரிடம் அதன் பெயரையும் அளவையும் எழுதிக் காட்ட வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவுடனேயே, அன்றாடம் உண்ணும் மூலிகைகள் அனைத்தையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அவற்றில் பலவற்றை இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.