வீட்டில் கட்டிய காரில் ஷொக் போனால்

கம்பனிக் காரில், துள்ளலை அடக்கும் ஷொக் அப்சோபர் வயதுபோய்ச் சாகும். நாமே பைப் வெட்டி, வெல்டிங் அடித்துக் கட்டிய காரில் அப்படி இல்லை. அதை வேறு ஏதோ ஒன்று கொல்கிறது. ஆகவே எண்ணெய் ஒழுகியதைக் கண்டதுமே ஹட்டனில் பஸ் ஏறி, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு ஓடாதீர்கள். கொலைகாரனைப் பிடிக்காமல் புதுசு போட்டால் அதுவும் ஒழுகும்.

வழியில் ஒழுகினால், எண்ணெய் பிரேக்கிலோ டயரிலோ படவில்லை என்று பார்த்துவிட்டு மெதுவாக வீடு போகலாம். ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷொக்கின் கண் (போல்ட் போகும் வளையம்) காரின் பின்பக்கம் உடைந்தால், அச்சுக்கும் சேசிக்கும் நடுவில் மரக்கட்டை வைத்து இறுக்கிக் கட்டி, நடை வேகத்தில் ஓரமான இடம் வரை ஊர்ந்து போங்கள். முன்பக்கம் உடைந்தால் காரை லொறியில் ஏற்றுவதுதான் வழி. ரம்பொடை இறக்கத்தில் வீரம் வேண்டாம்.

கழற்றியதும் ஸ்பிரிங்கை அதற்குரிய கிளாம்ப் போட்டே எடுங்கள். ஷொக்கை நேராகப் பிடித்து மெதுவாக அமுக்கினாலும் இழுத்தாலும் இடையில் தளராத இறுக்கம் இருக்க வேண்டும். ஓரிடத்தில் சும்மா போய்வந்தால் எண்ணெய் குறைந்து காற்று புகுந்திருக்கிறது. இரட்டைக் குழாய் ஷொக்கைத் தலைகீழாகப் பூட்டினாலும் இதே கதிதான். ஷொக்கில் உள்ளே போய்வரும் கம்பியின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மினுங்கினால், ஷொக்கைப் பிடிக்கும் மேல் பிராக்கெட்டும் கீழ் பிராக்கெட்டும் ஒரே கோட்டில் இல்லை. நம் ஊர்க்காரர்களின் கார்களில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

அடுத்தது சாய்வு. பொனட் பதிவாக இருக்க வேண்டும் என்று ஷொக்கைப் படுக்க வைக்கிறார்கள். செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் ஸ்பிரிங்கின் பலன் முக்கால்வாசியாகிறது. 45 பாகையில் பாதிதான். கார் தொங்குகிறது என்று கடினமான ஸ்பிரிங் போடுவார்கள். பழைய ஷொக்கால் அதை அடக்க முடியாது, தோட்டத்து றோட்டில் கார் துள்ளும். சரியான வழி பிராக்கெட்டை வெட்டி நிமிர்த்துவது. வான் வண்டியின் ஷொக் போடுவதும் வேண்டாம்: 600 கிலோ காருக்கு அது இரும்புத் தடி.

பிறகு ஓட்டத்தூரம், அதாவது ஷொக் உள்ளே வெளியே போய்வரும் தூரம். ஸ்பிரிங் இல்லாமல் ஷொக்கைப் பூட்டி, சில்லை ஜாக்கால் தூக்குங்கள். ஷொக் உள்ளே முட்டும் முன் ரப்பர் ஸ்டொப்பர் முட்ட வேண்டும். முட்டவில்லையென்றால் ஒவ்வொரு குழியிலும் சுத்தியல் அடிதான். கண்ணும் போல்ட்டும் பிய்வது அதனால். போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் தாங்கும் பிராக்கெட் என்றால் மறுபக்கமும் தகடு வைத்து வெல்டிங் அடியுங்கள். பெயின்டில் துரு நிறக் கோடு தெரிந்தால் வெடிப்பு. வெல்டிங்குக்கு முன் ஷொக்கைக் கழற்றி விடுங்கள், உள்ளே காஸ் இருக்கலாம்.

மாற்றும்போது அதே அச்சின் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளை ஜாக்கில் தொங்கும்போது இறுக்காதீர்கள். சில்லு தரையில், சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்க இறுக்குங்கள். சேறு படாமலிருக்க ஸ்டியரிங்குக்குப் போடும் ரப்பர் உறை (பூட்) ஒன்றைக் கம்பியில் மாட்டலாம், தண்ணீர் வடியக் கீழே ஓட்டை வேண்டும். அதை மாட்டும் முன் கம்பியில் ஒரு கேபிள் டை கட்டி ஓட்டிப் பாருங்கள். அது எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறதோ, ஷொக் அவ்வளவு உள்ளே போயிருக்கிறது.