பழைய ஆங்கிலக் கதையில் ‘நேவ்’ வந்தால் எப்படிப் பொருள் கொள்வது?

ஷேக்ஸ்பியரையோ டிக்கன்ஸையோ மூலத்திலேயே படிக்கலாம் என்று உட்காருபவர்களை இடறிவிடும் சொற்களில் ஒன்று ‘நேவ்’. அகராதியைப் புரட்டினால் ‘அயோக்கியன், போக்கிரி’ என்று இருக்கும். அதை அப்படியே எடுத்துப் போட்டால் பல இடங்களில் காட்சியே கெட்டுவிடும். பின்வரும் வரிசையில் பாருங்கள்.

படி 1: எழுத்தைப் பாருங்கள்

கே, என், ஏ, வி, ஈ. முதல் எழுத்துக்கு இப்போது ஒலி இல்லை, முன்பு இருந்தது. இதற்கு உறவான ஜெர்மன் சொல் ‘க்னாபே’யில் அது இன்னும் ஒலிக்கிறது, அதற்குச் சிறுவன் என்று பொருள். தேவாலயத்தின் நடுக்கூடத்தையும் ஆங்கிலத்தில் நேவ் என்பார்கள். அது வேறு சொல், முன்னால் கே வராது.

படி 2: எந்தக் காலத்து எழுத்து?

14-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர் என்றால், முதலில் ‘பையன்’ என்று வைத்துப் பாருங்கள். அவர் சொல்லும் கிரிசெல்டா கதையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறக்கிறது. ‘நேவ் சைல்ட்’ பிறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அங்கே ஒரு வரி வரும். ஆண் குழந்தை, அவ்வளவுதான். பையன் என்பது வேலைக்காரப் பையனாகி, கீழானவனாகி, கடைசியில் ஏமாற்றுக்காரன் வரை இறங்கிவிட்டது. சொல்லை இப்படி இறக்கிவிட்டது எஜமானர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

படி 3: யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார்?

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். ‘கிங் லியர்’ நாடகத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் அங்கத்தில் லியரின் விசுவாசியான பிரபு கென்ட், லியர் மகளின் ஏவலாளான ஆஸ்வால்டைப் பிடித்துக் கிழி கிழி என்று கிழிக்கிறான். நேவ் என்று தொடங்கி, மிச்சம் மீதி தின்பவன், மூன்று உடுப்புக்காரன், கம்பளிக் காலுறைக்காரன் என்று வசை நீள்கிறது. பட்டுக் காலுறை பெரிய மனிதர்களுக்கு, கம்பளி ஏவலாளுக்கு. ஆக ‘அயோக்கியன்’ என்பதோடு ‘நீ வெறும் எடுபிடி’ என்ற குத்தலும் அதே சொல்லில் இருக்கிறது.

அதே நாடகத்தில் லியர் மன்னன் தன் விதூஷகனையும் நேவ் என்றுதான் கூப்பிடுகிறான். புயலில் நனைந்து நிற்கும்போது அவனுக்காக மனம் இரங்குகிறான், அப்போதும் அந்தச் சொல்தான். அங்கே ‘அயோக்கியன்’ என்று எழுதினால் எப்படி இருக்கும்?

சந்தேகம் வந்தால் ‘பயல்’ என்று போட்டுப் பாருங்கள். ‘திருட்டுப் பயல்’ என்றும் சொல்கிறோம், ‘பாவம், சின்னப் பயல்’ என்றும் சொல்கிறோம். முன்பின் வரிகள் எந்தப் பக்கம் இழுக்கின்றனவோ, அந்தப் பக்கம் போங்கள்.

படி 4: பக்கத்தில் சீட்டாட்டம் இருக்கிறதா?

ஹார்ட், இஸ்பேட் என்று ஏதாவது கண்ணில் பட்டால் கதை வேறு. அங்கே நேவ் என்பது நம் ஜாக்கி. டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் ஏழைச் சிறுவன் பிப் அந்தச் சீட்டை ஜாக் என்று சொல்லப்போய், பணக்கார வீட்டுச் சிறுமி எஸ்டெல்லாவின் ஏளனத்துக்கு ஆளாகிறான். 1861-இல் ஜாக் என்பது தாழ்ந்தவர்களின் பேச்சு. பிறகு சீட்டின் மூலையில் எழுத்து அச்சிடும் வழக்கம் பரவியது. ராஜாவுக்கு (கிங்) கே, நேவுக்கு கே-என் என்றால் குழப்பம்தானே, அதனால் ஜே வென்றது. இந்தியில் இதே சீட்டு ‘குலாம்’, அதாவது அடிமை. அந்தச் சொல்லுக்கும் மூலமான அரபியில் ‘பையன்’ என்ற பொருள் உண்டு.

படி 5: புதிரா?

தர்க்கப் புதிர்களில் நேவ் என்றால் எப்போதும் பொய் சொல்பவன், நைட் என்றால் எப்போதும் உண்மை சொல்பவன். தர்க்கவியல் அறிஞர் ரேமண்ட் ஸ்மல்யன் 1978-இல் வெளியிட்ட புத்தகத்தால் பிரபலமான வகை இது. ஒன்று போட்டுப் பார்ப்போம். நைட்டும் நேவும் தவிர வேறு யாருமே இல்லாத ஒரு தீவில் இருவர் நிற்கிறார்கள். முதலாமவன், ‘எங்களில் ஒருவனாவது நேவ்’ என்கிறான்.

சரி, அவனே நேவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அவன் சொன்னது உண்மையாகிவிடும். நேவ் உண்மை பேச மாட்டானே! எனவே அவன் நைட். நைட் சொன்னால் அது உண்மை, இருவரில் ஒரு நேவ் இருந்தே ஆக வேண்டும். வாயே திறக்காமல் நிற்கும் இரண்டாமவன்தான் அது.