போட்டோவை வெக்டர் ஓவியமாக மாற்றுவது: ஜிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் போதும்

போட்டோவை வெக்டர் ஓவியமாக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோடும் வடிவமுமாக, மாற்ற என்ன வழி என்று தேடினால் முதலில் வந்து விழுவது ஒரே பட்டனில் வேலையை முடித்துத் தரும் ஆப்கள்தான். அவற்றில் போட்டு எடுத்த படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். கன்னத்தில் திட்டுத் திட்டாக நிறம், மூக்குக்குப் பக்கத்தில் எதற்கென்றே தெரியாத ஒரு தீவு, பல்லுக்குப் பல் கோடு. சாஃப்ட்வேருக்கு முகத்தின் நிழலும் பின்னால் சுவரில் இருக்கிற ஈரக்கறையும் ஒன்றுதான், இரண்டுமே இருட்டான இடம். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க ஒரு ஆள் வேண்டும். வெக்டர் ஓவியத்தில் பாதி வேலை அந்த முடிவுதான், மீதி பாதி கோடு இழுக்கும் பென் டூலோடு பொறுமையாக உட்காருவது.

ஒரு முகப் படத்தை எடுத்துக்கொண்டு முழு வேலையையும் சொல்கிறேன், ஏனென்றால் முகம் வந்துவிட்டால் பைக், பூனை, கோபுரம் எல்லாம் வந்துவிடும். ஜிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டுமே இலவசம். ஜிம்ப்பில் போட்டோவின் வெளிச்சத்தையும் நிழலையும் சில படிகளாகக் குறைக்கிறோம், இங்க்ஸ்கேப்பில் அதைக் கீழே வைத்து மேலே கையால் வரைகிறோம். போட்டோஷாப்பும் இல்லஸ்ட்ரேட்டரும் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான், மெனு பெயர்கள்தான் மாறும்.

போட்டோ சரியில்லை என்றால் எதுவும் சரியில்லை

பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் விழுகிற படம் வேண்டும். ஜன்னல் ஓரம், திண்ணை, மாலை வெயில் எதுவானாலும் சரி, முகத்தின் ஒரு பாதி வெளிச்சத்திலும் மறு பாதி நிழலிலும் இருந்தால் பாதி ஓவியம் அங்கேயே தயார். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்து எடுத்த கல்யாண மேடைப் படத்தில் நிழலே இருக்காது. நிழல் இல்லாத முகத்தில் வரைய என்ன இருக்கிறது?

அப்புறம், வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக வந்த படம் வேண்டாம். அனுப்பும்போதே அது படத்தைச் சுருக்கிவிடும், அந்தச் சுருக்கலில் வரும் சின்னச் சின்னக் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், நிறங்களைக் குறைத்தவுடன் பொரிப் பொரியாக மேலே வந்துவிடும். படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும்.

ஜிம்ப்பில் செய்ய வேண்டியது

படத்தைத் திறந்து லேயரை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அசல் கலர் படம் பிறகு தேவைப்படும். நகலில் முதல் வேலை, கலர்ஸ் மெனுவில் டீசேச்சுரேட் போட்டுக் கறுப்பு வெள்ளையாக்குவது. இதைத் தாண்டிவிட்டு நேராக போஸ்ட்டரைஸ் (நிறங்களைச் சில படிகளாகக் குறைக்கும் கட்டளை) போடுகிறவர்கள்தான் அதிகம். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: போஸ்ட்டரைஸ் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலையும் தனித்தனியாக வெட்டும். 4 என்று கொடுத்தால் 4 நிறம் வராது, 4 பெருக்கல் 4 பெருக்கல் 4, அதாவது 64 நிறம் வரை வரலாம். முகத்தில் திடீரென்று பச்சையும் ஊதாவும் முளைப்பது இதனால்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் 4 கொடுத்தால் சரியாக 4 படி மட்டும் வரும்.

போஸ்ட்டரைஸுக்கு முன்னால் கொஞ்சம் மங்கலாக்க வேண்டும், இல்லையென்றால் தோலின் ஒவ்வொரு துளையும் ஒரு புள்ளியாக நிற்கும். சாதாரண காஸியன் பிளர் போட்டால் விளிம்புகளும் சேர்ந்து கரைந்துவிடும். ஃபில்டர்ஸ், பிளர் மெனுவில் இருக்கும் மீடியன் பிளர் அல்லது செலக்டிவ் காஸியன் பிளர் போடுங்கள், இவை விளிம்பை ஓரளவு காப்பாற்றிக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் வழுவழுப்பாக்கும். எவ்வளவு என்பது படத்தின் அளவைப் பொறுத்தது. கண் இமையின் கோடு கரையத் தொடங்கினால் அதிகம் போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

அடுத்தது, வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரு வளைகோட்டை இழுத்து மாற்றும் கர்வ்ஸ். இதுதான் முக்கியம், இதில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்டரைஸ் வெளிச்சத்தைச் சம இடைவெளியில் வெட்டும், ஆனால் உங்கள் போட்டோவில் முகம் முழுக்க ஒரே இடைவெளிக்குள் விழுந்திருக்கலாம். நம் ஊர் மாநிறத்தில் இது அடிக்கடி நடக்கும்: நெற்றி, கன்னம், தாடை எல்லாம் ஒரே திட்டாகி, வெள்ளைச் சட்டை மட்டும் பளிச்சென்று தனியாக நிற்கும். கர்வ்ஸில் நடுப்பகுதியைச் செங்குத்தாக்கி, முகத்தின் வெளிச்சமும் நிழலும் வேறு வேறு படிகளில் விழும்படி இழுத்துவிடுங்கள். சட்டை வெளுத்துப் போனால் போகட்டும், அது ஒரே நிறத்தில் வரைந்தாலே போதும். ஜிம்ப் 3-ல் ஃபில்டர்கள் லேயரோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் போஸ்ட்டரைஸ் போட்ட பிறகும் கர்வ்ஸைத் திறந்து மாற்ற முடியும். பழைய 2.10 என்றால் போட்டுப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் பின்னால் வந்து மறுபடியும் போட வேண்டியதுதான்.

கடைசியாக போஸ்ட்டரைஸ். எத்தனை படி? கியூபாவில் ஆல்பர்ட்டோ கோர்டா 1960-ல் எடுத்த சே குவேரா படத்தை ஐரிஷ் ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் 1968-ல் கறுப்பும் சிவப்புமாகப் போஸ்டராக்கினார். இன்று தெருவுக்குத் தெரு டி-ஷர்ட்டில் தெரிகிற அந்த முகத்தில் கறுப்பு இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதான். அமெரிக்க ஓவியர் ஷெப்பர்ட் ஃபேரியின் 2008 ஒபாமா போஸ்டர் சிவப்பு, வெளிர் மஞ்சள், இரண்டு நீலம் என்று முடிந்துவிடுகிறது. இரண்டு நிறம் வரைவதுதான் மிகக் கஷ்டம், தப்பை மறைக்க இடமே இல்லை. புதிதாகச் செய்பவர்களுக்கு 4 சரியான எண். 8-க்கு மேலே போனால் அது மறுபடி போட்டோவாகத் தொடங்கிவிடும், அதற்கு எதற்கு இவ்வளவு பாடு?

அந்த ஒபாமா போஸ்டரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு அடிப்படை அசோசியேட்டட் பிரஸ் புகைப்படக்காரர் மேனி கார்சியா 2006-ல் எடுத்த படம். அனுமதி இல்லாமல் பயன்படுத்தியதற்காக வழக்காகி 2011-ல்தான் சமரசம் ஆனது. கையால் வரைந்துவிட்டோம், இனி இது நம்முடையது என்று நினைக்க வேண்டாம். விற்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் போட்டோவையோ அனுமதி வாங்கியதையோ எடுங்கள்.

முடிந்ததை பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஜேபெக் வேண்டாம், விளிம்பெல்லாம் மறுபடி அழுக்காகும்.

இங்க்ஸ்கேப்பில் வரைவது

கலர் போட்டோ, 4 படிப் படம் இரண்டையும் இம்போர்ட் செய்து ஒரே அளவில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அந்த லேயரைப் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் ஒவ்வொரு கிளிக்குக்கும் போட்டோ நகரும், எரிச்சலில் பாதியில் எழுந்துவிடுவீர்கள்.

மேலே புது லேயர், கையில் பென் டூல், அதற்கு பி (B) என்ற எழுத்தை அழுத்தினால் போதும். வரையும்போது உள்ளே நிறம் வேண்டாம், பளிச்சென்ற சிவப்புக் கோடு மட்டும் இருக்கட்டும், அப்போதுதான் கீழே இருப்பது தெரியும். முதல் வடிவம் முகமும் கழுத்தும் காதும் சேர்ந்த மொத்த உருவம், இதற்கு நடுத்தர நிறம். அதற்கு மேல் நிழல், அதற்கு மேல் ஆழ்ந்த நிழல், கடைசியாக வெளிச்சம். கலர் பேப்பரை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது மாதிரி. பக்கத்தில் பக்கத்தில் கச்சிதமாகப் பொருத்தி வரையாதீர்கள். இரண்டு வடிவங்கள் விளிம்போடு விளிம்பு தொட்டால் திரையில் நடுவே மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடு தெரியும், எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும் தெரியும், விளிம்பு பிக்சல்களை சாஃப்ட்வேர் வழுவழுப்பாக்கும் விதம் அப்படி.

அடுக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. நிழல் வடிவத்தின் வெளிப்பக்கத்தை முகத்துக்கு வெளியே அலட்சியமாக இழுத்துவிடலாம். பிறகு முக வடிவத்தை ஒரு நகல் எடுத்து, நகலையும் நிழலையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் இன்டர்செக்‌ஷன் கொடுத்தால் வெளியே நீண்டதெல்லாம் வெட்டுப்பட்டுவிடும்.

கோட்டைத் தாங்கும் புள்ளிகளான நோட்கள் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. கன்னத்தின் வளைவுக்கு 3 நோட் போதும் என்ற இடத்தில் 15 போட்டால் கோடு நடுங்கும், பிறகு திருத்தவும் முடியாது. வளைவு திசை திரும்பும் இடத்திலும் கூர்முனையிலும் மட்டும் நோட் வையுங்கள். வைத்த பிறகு என் (N) என்ற எழுத்தை அழுத்தி நோட் டூலுக்குப் போனால் கோட்டின் நடுவையே பிடித்து இழுத்து வளைக்கலாம். ஷிஃப்ட்டும் எஸ்ஸும் அழுத்தினால் நோட் வழுவழுப்பாகும், ஷிஃப்ட்டும் சியும் அழுத்தினால் முனையாகும். நோட் அதிகமாகிவிட்டால் கண்ட்ரோல் எல் குறைத்துத் தரும், ஆனால் அதைத் திரும்பத் திரும்ப வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு முறையும் இன்னும் பலமாகக் குறைத்து மூக்கையே மழுக்கிவிடும்.

முகத்தில் எங்கே என்ன வரைய வேண்டும் என்பதுதான் படத்தைக் காப்பாற்றும் அல்லது கெடுக்கும். மூக்கைச் சுற்றிக் கோடு போடவே போடாதீர்கள். நாசித் துவாரம், மூக்கின் அடியில் விழும் நிழல், ஒரு பக்கச் சரிவு, இது போதும், மீதியைப் பார்க்கிறவர் மனது நிரப்பிக்கொள்ளும். கண்ணுக்கு மேல் இமையைத் தடித்து மெலியும் ஒரு வடிவமாக வரையுங்கள், கீழ் இமை பாதி மறைந்திருந்தாலும் பரவாயில்லை. கண்ணின் வெள்ளை உண்மையில் வெள்ளை இல்லை, மேல் இமையின் நிழல் அதன்மேல் விழுகிறது, கொஞ்சம் சாம்பல் கலந்த நிறம் கொடுங்கள். சுத்த வெள்ளையைக் கருவிழியில் இருக்கும் அந்த ஒரு ஒளிப்புள்ளிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணில் உயிர் வந்துவிடும். சிரிக்கிற வாய் என்றால் பற்கள் மொத்தமும் ஒரே வடிவம். ஒவ்வொரு பல்லையும் பிரித்தால் ஆளுக்குப் பத்து வயது கூடிவிடும், அல்லது பேய்ப் படமாகிவிடும். பொட்டு எப்போதும் வட்டம் இல்லை, தலை திரும்பியிருந்தால் அது நீள்வட்டம். தலைமுடி ஒரே கறுப்பு உருவம், அதன்மேல் வெளிச்சம் பட்ட இடத்தில் நாலைந்து கீற்று, ஓரத்தில் தப்பித்து நிற்கும் சில முடிகள். இழை இழையாக வரைய உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

இனி நிறம். நிழலுக்கு நடுத்தர நிறத்தோடு கறுப்பைக் கலந்தால் முகம் அழுக்குப் படிந்தது மாதிரி ஆகும். இருட்டாக இருட்டாகச் சிவப்புப் பக்கம் நகருங்கள். மாநிறத்துக்கு நான் தொடங்கும் எண்கள் இவை, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்: வெளிச்சம் 214, 154, 106, நடுத்தரம் 176, 112, 72, நிழல் 128, 70, 52, ஆழ்ந்த நிழல் 78, 40, 40. உங்கள் ஆளின் நிறத்துக்கு ஏற்ப நான்கையும் சேர்த்து ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் தோல் நிற அட்டைகளில் பல இளஞ்சிவப்புப் பக்கம் சாய்ந்தவை, அதை அப்படியே எடுத்தால் உங்கள் மாமா யாரோ வெளிநாட்டுக்காரர் மாதிரி நிற்பார். வரைகிற சாக்கில் ஆளை வெளுப்பாக்குவதும் நம் பக்கம் நிறைய நடக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

நடுநடுவே படத்தைக் கட்டை விரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் ஆளை அடையாளம் தெரிந்தால் சரியான வழியில் போகிறீர்கள். 400 சதவீதத்தில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கண் இமையிலேயே ஒரு மணி நேரம் செலவழித்து, கடைசியில் இரண்டு கண்ணும் வேறு வேறு உயரத்தில் இருப்பதைக் கவனிக்காமல் விடுவது எளிது.

தானியங்கி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னணியில் மரம், சேலையின் பூ வேலை, செங்கல் சுவர் இவற்றுக்கு பாத் மெனுவில் இருக்கும் டிரேஸ் பிட்மேப் நல்ல உதவி. பல நிறம் எடுக்கும் பகுதியில் கலர்ஸ் தேர்ந்தெடுத்து, ஸ்கேன் 6 வைத்து, ஸ்டேக்கை ஆன் செய்து, ஸ்பெக்கிள்ஸ் அளவை ஏற்றினால் தூசி மாதிரித் துணுக்குகள் போய்விடும். அப்ளை கொடுத்த பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம், வந்த வெக்டர் சரியாகப் போட்டோவின் மேலேயே உட்கார்ந்திருக்கும், இழுத்து நகர்த்திப் பாருங்கள். போட்டோஷாப்காரர்கள் அவசரத்துக்கு ஃபில்டர் கேலரியில் கட்அவுட் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அது தோற்றத்தில்தான் வெக்டர், உள்ளே பிக்சல்தான். டிபிக்கு அது போதும். சுவர் அளவு பேனருக்கு ஆகாது.

முடிந்ததை எஸ்விஜியாகச் சேமித்துவிட்டு, இன்ஸ்டாவுக்கோ ஃபிரேம் போடவோ பிஎன்ஜி எடுத்துக்கொள்ளுங்கள். ஏ3 தாளில் 300 டிபிஐ வேண்டும் என்றால் 3508க்கு 4961 பிக்சல். ஃபிளெக்ஸ் கடைக்குக் கொண்டு போகிறீர்கள் என்றால் பிடிஎஃப் கொடுங்கள், அங்கே பெரும்பாலும் கோரல் டிராவில்தான் திறப்பார்கள். திரையில் பார்த்த பளபளப்பான நீலமும் பச்சையும் அச்சில் கொஞ்சம் மங்கும், முதலில் சின்னதாக ஒன்று அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். படத்துக்குக் கீழே தமிழில் பெயர் போட்டிருந்தால், அந்த ஃபான்ட் கடைக்காரரிடம் இல்லாதபோது எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகவோ கொம்பும் காலும் இடம் மாறியோ நிற்கும். அதனால் எழுத்தைத் தேர்ந்தெடுத்து பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்துவிட்டு அனுப்புங்கள். அப்படி மாற்றிய பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது, ஆகவே மாற்றுவதற்கு முன்னால் வேறு பெயரில் ஒரு நகல் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.